ஆம்பூரில் படித்த திருப்புறம்பியம்

எங்கள் ஊரில் சரித்திர நாவலுக்கென்று ஒரு வாசனை இருந்தது. சொன்னால் தஞ்சாவூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் படித்த 'பொன்னியின் செல்வ'னில் தாழம்பூவும் காவிரி வண்டலும் மணந்திருக்கும். அறுபதுகளின் பின்பாதியில் ஆம்பூரில் நான் படித்ததில் ஆவாரம்பட்டை மணந்தது, மைதாப் பசை மணந்தது, பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் கலந்த மயில்துத்தம் மணந்தது, எல்லாவற்றையும் மீறி ஆட்டுத்தோல் மணந்தது. வார இதழிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதையை மற்ற ஊர்களில் காலிகோ துணி வைத்து பைண்டு செய்வார்கள். எங்கள் பஜார் பைண்டருக்குத் துணி காசுக்கு வர வேண்டும், தோல் ஓசியில் வந்தது. டேனரிகளில் ஓரம் வெட்டிக் கழித்த துண்டுகளை அள்ளிவந்து, முதுகுக்கும் மூலைகளுக்கும் ஒட்டி, ஏதோ லண்டன் பிரபு வீட்டு அலமாரியில் இருக்க வேண்டியவை போன்ற தோரணையில் ஐந்து பாகங்களையும் நிமிர்த்தி நிறுத்திவிடுவார். அவற்றின் சொந்தக்காரரான எதிர்வீட்டு டீச்சரம்மா சுத்த சைவம். குந்தவையும் வானதியும் தோல் போர்த்திக்கொண்டு பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் நிற்பது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்காரர் டேனரியில் கணக்குப்பிள்ளை. சம்பளமே தோலிலிருந்து வரும்போது புத்தகத்தின் முதுகைப் பற்றி என்னத்தைச் சொல்வது?

இப்போது ஐந்து பாகத்தையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த பைண்டுப் புத்தகங்களின் சுகம் தெரிய நியாயமில்லை. கல்கி 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் எழுதியதை டீச்சரம்மா வாரா வாரம் கிழித்து அடுக்கியிருந்தார். ஆகவே கதையோடு கூடவே அந்தக் காலமும் பைண்டுக்குள் வந்துவிட்டது. ஒரு பக்கத்தில் நந்தினி நீண்ட பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பாள், அதற்குப் பக்கத்துப் பத்தியிலேயே கூந்தல் தைலக்காரர் கூந்தலுக்கு உத்தரவாதம் தருவார். மணியம் வரைந்த படங்களில் சில, யாரோ ஒரு ரசிகர் பிளேடு போட்டுக் கழற்றிக்கொண்டு போனதில், ஜன்னல்களாக மாறியிருந்தன. அந்த ஜன்னல் வழியாக அடுத்த பக்கத்துக் கதை எட்டிப் பார்க்கும். பைண்டர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். இரண்டு வாரங்களை இடம் மாற்றித் தைத்துவிட்டதால் எங்கள் பிரதியில் வந்தியத்தேவன் ஒருமுறை பிடிபடுவதற்கு முன்பே தப்பித்துவிடுவான். வெகு காலம் வரை அது அவனுடைய சாமர்த்தியம் என்றே எடுத்துக்கொண்டேன்.

காதல் வரும் இடங்களை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். (அந்த வயதில் அப்படி. பிறகு அதே புத்தகத்தில் சண்டைகளைத் தாண்டிக்கொண்டு போன வயதும் வந்தது; இரண்டையும் தாண்டிவிட்டு பெரிய பழுவேட்டரையரோடு ஒன்றிப்போகும் வயது இப்போது.) அன்று எனக்கு வேண்டியது திருப்புறம்பியம். கொள்ளிடத்துக்கும் மண்ணியாற்றுக்கும் நடுவே, கும்பகோணத்துக்கு வடமேற்கே, கதை நடக்கும் காலத்துக்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பு நடந்த சண்டை. ஒரு பக்கம் வரகுண பாண்டியன், மறுபக்கம் பல்லவன் அபராஜிதன். பல்லவனுக்குத் துணையாகக் கங்கன் பிரிதிவீபதியும் சோழர்களும். வரலாற்று ஆசிரியர்கள் இதை 880-ஐ ஒட்டி வைக்கிறார்கள். பல்லவர் வீட்டுக்குள்ளேயே நிருபதுங்கனுக்கும் அபராஜிதனுக்கும் நடந்த பங்காளிச் சண்டைதான் காவிரிக்கரை வரை வந்து வெடித்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த விவகாரமெல்லாம் கல்கிக்குத் தேவைப்படவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. எங்கள் இருவருக்கும் வேண்டியது கிழவர் விஜயாலயர். உடம்பில் தொண்ணூற்றாறு விழுப்புண், நடக்கக் கால் கிடையாது. படை பின்வாங்கப் போகிற நேரத்தில் இரண்டு ஆட்களின் தோளில் ஏறிக்கொண்டு, இரண்டு கையிலும் வாளைச் சுழற்றிக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் புகுந்துவிடுகிறார். அந்தப் பக்கத்தின் ஓரங்கள் மட்டும் வாசகர் கைபட்டு எண்ணெய்க் கறுப்பாகியிருந்தன. அதில் பெரும்பங்கு என் கைங்கரியம்.

படித்தால் போதுமா? பாலாற்று மணல் இருந்தது, சவுக்குக் குச்சி இருந்தது, தோள் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் டேனரி மேஸ்திரி மகன், வளர்த்தியான பையன். இன்னொருவன் எங்கள் தெருக்கோடி உருது வீட்டுப் பையன், குள்ளம். ஆக விஜயாலயச் சோழர் எப்போதும் வலதுபக்கம் சாய்ந்தபடியேதான் பாண்டியர்களைத் துவம்சம் செய்வார். பாண்டியர்களாக நடிக்க யாரும் சம்மதிக்காததால் எருக்கஞ்செடிகளை அந்தப் பக்கம் நிறுத்தினோம். பால் சொட்டச் சொட்ட அவை விழுந்தன. சில மாலைகளுக்குப் பிறகு எனக்குக் கீழே கலகம் மூண்டது. "எப்பவும் நீயே ராஜா, எப்பவும் நாங்களே காலா?" என்று மேஸ்திரி மகன் கேட்டான். சரித்திர நாவல்களைப் பற்றி அதைவிடக் கூர்மையான விமரிசனத்தைப் பிறகு எந்தப் பேராசிரியரிடமும் நான் கேட்கவில்லை.

அந்தக் குள்ளப் பையனின் தாத்தாதான் கெடுத்தார். தோல் மண்டியில் முன்ஷியாக இருந்து ஓய்ந்தவர், மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எருக்கம்பால் கறையோடும் மணலோடும் நாங்கள் திரும்பி வருவதைப் பார்த்து ஒருநாள் நிறுத்தினார்.

"க்யா பேட்டா, எங்கே சண்டை?"

"திருப்புறம்பியத்துல, பாய் தாத்தா. காவேரிக்கரையில."

"அவ்ளோ தூரம் ஏன் போறே? இதோ இந்த மலைக்குக் கீழே ஒரு நவாபு செத்தாரே, தெரியுமா? யானை மேலயே செத்தார். நூறு வயசுக் கிழவர்."

நான் யோசித்துவிட்டுக் கேட்டேனாம்: "அவர் சோழரா, பாண்டியரா?"

பெரியவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு வெள்ளை ஜிப்பாவில் தெறித்தது. அதன்பின் அவர் இருந்தவரை அந்தத் தெருவில் எனக்கு 'சோழராஜா' என்றுதான் பெயர்.

பெரியவர் சொன்னது ஆம்பூர்ச் சண்டையை. 1749 ஆகஸ்ட் 3. 1748-ல் ஹைதராபாத் நிஜாம் கண்ணை மூடினார். மகன் நாசிர் ஜங்குக்கும் மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங்குக்கும் உடனே பாகத் தகராறு. அதே சமயம் ஆற்காட்டு நவாபு பட்டத்துக்கு இன்னொரு தகராறு: நிஜாம் உட்காரவைத்த அன்வருத்தீன் கான் ஒருபுறம், பழைய நவாபு தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப் மறுபுறம். சந்தா சாகிப் மராட்டியரிடம் ஏழு வருஷம் சிறையில் கிடந்து அப்போதுதான் வெளியே வந்தவர். பேரனும் மருமகனும் கை கோத்தார்கள். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு கவர்னர் டூப்ளே துருப்பு அனுப்பினார். அன்வருத்தீன் எங்கள் ஊர்க் கணவாயில், மலைக்கும் ஏரிக்கும் நடுவே மண் அரண் போட்டு, பீரங்கிகளை நிறுத்திக் காத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்களின் முதல் பாய்ச்சல் முறிந்தது, அடுத்ததும் முறிந்தது, தளபதி தோத்தேய்க்குத் தொடையில் காயம். பின்னாளில் தக்காணத்தையே ஆட்டிவைத்த புஸ்ஸி அடுத்த முறை அரணைத் தாண்டிவிட்டார். நிலைமை கைமீறியதும் கிழ நவாபு ஓடவில்லை. சந்தா சாகிபின் யானையைத் தேடித் தன் யானையை ஓட்டச் சொன்னார். நெருங்குவதற்குள் ஒரு துப்பாக்கிக் குண்டு. மூத்த மகன் மாபூஸ் கான் சிறைப்பட்டார், இளையவர் முகமது அலி திருச்சிக்குத் தப்பினார். அன்வருத்தீனுக்கு அப்போது 107 வயது என்று 1763-ல் தன் சரித்திரத்தை வெளியிட்ட ராபர்ட் ஓர்ம் எழுதினார். 77 என்பதுதான் நம்பும்படியான கணக்கு. எப்படியானாலும் கிழவர்தான்.

கிழவர், நேருக்கு நேர், படை கலைகிற நேரத்தில் தனி ஆளாகப் பாய்ச்சல்: திருப்புறம்பியத்தில் என்னைப் பைத்தியமாக்கிய சரக்கு அத்தனையும் ஆம்பூரில் இருந்தது. போதாததற்கு யானை வேறு! ஆனாலும் மணலில் ஒருநாளும் நான் அன்வருத்தீனாக நின்றதில்லை. அவருக்காக யாரும் வாரா வாரம் எழுதவில்லை, மணியம் படம் போடவில்லை. பிறகு உயர்நிலைப்பள்ளிச் சரித்திரப் பாடத்தில் 'ஆம்பூர்ப் போர் – 1749' என்று ஒற்றை வரி வந்தது. வாத்தியார் ஊர்ப் பெயரை வாசித்ததும் வகுப்பே மேசையைத் தட்டிக் கொண்டாடியது. அவர் சாக்பீஸை வைத்துவிட்டு, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, "இரண்டு மதிப்பெண் கேள்வி" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். மலை ஜன்னல் வழியாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

ஏன் எங்கள் சண்டைக்கு நாவல் வாய்க்கவில்லை என்று அந்த இரண்டு மதிப்பெண்ணிலிருந்து இன்றுவரை அவ்வப்போது யோசித்திருக்கிறேன். யார் பக்கம் நின்று படிப்பது என்று தெரியாததால்தான் என்பது என் தீர்ப்பு. அன்வருத்தீன் பக்கம் நின்றால் அவர் மகனோடு சேர்ந்து இங்கிலீஷ்காரன் தயவில் போய் நிற்க வேண்டும். சந்தா சாகிப் பக்கம் நின்றால் பிரெஞ்சுக்காரன் பல்லக்கில் ஏற வேண்டும். மூன்றே வருஷத்தில், 1752-ல், அவர் தலையும் போய்விடும். இடையில் 1751-ல் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வார், அதைப் பற்றி மட்டும் இங்கிலீஷ் புத்தகங்களில் பக்கம் பக்கமாக இருக்கும். முகமது அலிக்கு நவாபு பட்டம் கிடைத்தது, கூடவே சீமைப் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் எழுந்து பேசுகிற அளவுக்குக் கடனும் சேர்ந்தது. 1801-ல் கர்நாடகம் முழுக்கக் கும்பெனியார் கையில். பங்காளிகள் சண்டை போட்டார்கள், துணைக்கு வந்தவன் வீட்டை எடுத்துக்கொண்டான்.

நல்ல துக்கமான கதைதான். ஆனால் திருப்புறம்பியம் மட்டும் என்ன? பல்லவனுக்குத் துணையாகப் போனவன் ஆதித்த சோழன். பாண்டியனைத் துரத்தினார்கள், பல்லவன் நன்றி சொன்னான். இருபது வருஷம் போவதற்குள் அதே ஆதித்தன், அபராஜிதன் இருந்த யானையின் மேலேயே பாய்ந்து அவனைக் கொன்று தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டதைச் சோழர்களே கன்னியாகுமரிக் கல்வெட்டில் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார்கள். தொண்டை மண்டலம் என்றால் எங்கள் சீமையும் சேர்த்துத்தான். துணைக்கு வந்தவன் வீட்டை எடுத்துக்கொண்ட அதே கதை! சோழன் செய்தால் பொற்காலத்தின் விடியல், கும்பெனி செய்தால் அடிமைத்தனத்தின் தொடக்கம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தச் சொல்லவில்லை. கும்பெனி கொண்டுபோனதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது, சோழன் எடுத்ததைக் கோயிலாகவும் ஏரியாகவும் இங்கேயே விட்டுப்போனான். ஆனாலும் அபராஜிதனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாமல் அத்தனை மாலைகள் எருக்கஞ்செடி வெட்டிய அந்தப் பையனைத் தொண்டை மண்டலத்து ஆள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. திருப்புறம்பியத்தில் கங்க மன்னன் பிரிதிவீபதி வரகுணனைத் தோற்கடித்துவிட்டு, தன் உயிரைக் கொடுத்து நண்பன் அபராஜிதனின் பெயரை மெய்யாக்கினான் என்ற சேதி நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது? காவிரிக்கரையிலிருந்தா? உதயேந்திரத்திலிருந்து. வாணியம்பாடிக்குப் பக்கத்து உதயேந்திரம்தான், ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் ஊர். அவனுடைய பேரன் இரண்டாம் பிரிதிவீபதி, முதலாம் பராந்தக சோழனின் பதினைந்தாம் ஆட்சியாண்டில் அந்த ஊராருக்குக் கொடுத்த செப்பேட்டில் தாத்தாவின் மரணத்தை எழுதிவைத்தான். அந்த ஊரின் பெயர் வந்த கதையும் ஒரு பங்காளிச் சண்டைதான்: இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் நந்திபுரத்தில் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டபோது காப்பாற்றிய தளபதி உதயச்சந்திரன் பெயரால் அமைந்தது உதயச்சந்திரமங்கலம், அது தேய்ந்து உதயேந்திரம். ஆம்பூரிலும் நிருபதுங்கன் காலத்து நடுகற்கள் கிடைத்திருக்கின்றன, மாடு பிடிக்க வந்த படையோடு மோதி விழுந்தவர்களுக்காக எடுத்தவை. விஜயாலயருக்குத் தோள் கொடுத்த இரண்டு பேரின் பெயர் எந்த நாவலிலும் இல்லை. எங்கள் ஊர்க் கல்லில் மாட்டுக்காக விழுந்தவனின் பெயர் இருக்கிறது. மேஸ்திரி மகனுக்கு இதை அன்றே சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான்.

வேலூர் மட்டும் சும்மா இருந்ததா? விஜயநகரத்து வேங்கடபதி ராயர் 1614-ல் இறந்தபின் அந்தக் கோட்டைக்குள்ளேயே வாரிசுச் சண்டை மூண்டு, ராயர் குடும்பமே வெட்டுண்டது. ஒரு சிறுவனை மட்டும் சலவைத் தொழிலாளி ஒருவர் துணி மூட்டையில் ஒளித்து வெளியே கொண்டுபோனதாக அந்தக் காலத்துப் போர்த்துக்கீசியப் பாதிரியார் பர்ராதாஸ் எழுதியிருக்கிறார். அந்தச் சண்டை காவிரிக்கரைத் தோப்பூர் வரை போய்த்தான் தீர்ந்தது. துணி மூட்டைக்குள் இளவரசன்! எந்தத் தொடர்கதை எழுத்தாளருக்கும் ஒரு வருஷத்துக்குப் போதும். ஆனால் பத்து வயதில் நான் வேலூர்க் கோட்டைக்குப் போனபோது அகழியில் முதலை இருக்கிறதா என்று பார்த்ததும், வெளியே வறுகடலை தின்றதும் மட்டுமே நினைவில் நிற்கின்றன.

இந்த ஐம்பத்துச் சொச்சம் வருஷத்தில் என்னதான் மாறவில்லை? நான் பிறந்தது வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் அது பிரிந்து எங்கள் பாதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாயிற்று, பிறகு வேலூர் மாவட்டமாயிற்று, 2019-ல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனோம். நவாபுகள் ரத்தம் சிந்தி மாற்றிக்கொண்ட எல்லைகளை நான் அதே வீட்டுத் திண்ணையில், காலை மடக்கி உட்கார்ந்தபடியே, ரேஷன் கார்டை மட்டும் திருத்திக்கொண்டு கடந்திருக்கிறேன். முன்னேற்றம் என்று ஒன்று இருக்கிறதென்றால் இதைத்தான் முதலில் சொல்வேன். மலைக்கும் ஏரிக்கும் நடுவே அன்வருத்தீன் அடைக்கப் பார்த்த அந்தக் கணவாயில் இப்போது சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை. பீரங்கி வைத்தும் நிறுத்த முடியாத வேகத்தில் வண்டிகள் போகின்றன. கொஞ்சம் நிறுத்துகிறது பிரியாணிக் கடை ஒன்றுதான். நவாபு அரண்மனை சமையற்காரர்கள் கைப்பக்குவம் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். அது நிஜமென்றால், அந்த வம்சம் எங்கள் ஊருக்கு விட்டுப்போனதில் வழக்கு வம்பு இல்லாமல் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்வது கத்தரிக்காய்த் தொக்கோடு வரும் அந்தத் தட்டு ஒன்றைத்தான்.

ஆவாரம்பட்டை வாசனையும் போயிற்று. அதற்காக நான் பெருமூச்சு விடுவதைக் கேட்டால் என் மனைவி சிரிப்பாள். அந்த வாசனையின் பக்கத்திலேயே சுண்ணாம்புக் குழியும், ரோமம் நீக்கிய கழிவும், மதிய வெயிலில் ஊரையே தூக்கிக்கொண்டு போகும் நாற்றமும் இருந்ததை அவள் மறக்கவில்லை. பட்டைக்குப் பதில் குரோம் வந்தது, தோல் ஈர நீலமாக மாறிற்று, பாலாறு என்ன நிறத்துக்குப் போவதென்று தெரியாமல் தவித்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவன்தான் செலவைக் கொடுக்க வேண்டுமென்று தீர்ப்புச் சொல்லிற்று. நாட்டுச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அது ஒரு மைல்கல். இன்றைக்கு எந்தச் சட்டக் கல்லூரியில் கேட்டாலும் எங்கள் ஆற்றின் பெருமையைச் சொல்வார்கள், ஆற்றில்தான் தண்ணீர் இல்லை. வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவதைப் படித்துவிட்டு, எங்கள் பாலாற்றில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டு வந்தவர்கள் நாங்கள். அப்போதாவது தோண்டினால் வந்தது. இப்போது கேனில் வருகிறது. ஆனால் ஒன்று: எனக்குத் தோள் கொடுத்த அந்த மேஸ்திரி மகனின் மகள், காலையில் கம்பெனி பஸ் ஏறி ஷூ தைக்கப் போய், தன் சம்பளத்தில் வீடு கட்டியிருக்கிறாள். இதை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுவது?

என் பேரனும் ஒரு ஷூ கம்பெனியில்தான் இருக்கிறான், டிசைனிங் பிரிவில். 2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் படம் வந்த கையோடு அவனுக்கும் சோழ ஜுரம் கண்டது. புத்தகம் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு ரயில் நிலையக் கடையில்கூட எல்லா விலையிலும் அது கிடைக்கிறது. "வேணாம் தாத்தா, ஆடியோ இருக்கு" என்றான். வண்டியில் போகும்போதும் வரும்போதும் கேட்டான். அதுவும் நேரம் மிச்சமாகட்டும் என்று ஒன்றரை மடங்கு வேகத்தில். விஜயாலயரின் தொண்ணூற்றாறு விழுப்புண்ணும் அவன் காதில் பச்சக் பச்சக்கென்று ஒன்றரை வேகத்தில் விழுந்தன. நந்தினி பெருமூச்சு விடும் நேரத்தில் அவன் மூன்று லாரிகளைத் தாண்டிவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு காரில் திருப்புறம்பியமே போய், பிரிதிவீபதியின் பள்ளிப்படை வாசலில் நின்று படம் எடுத்து அனுப்பினான். எனக்கு அந்த ஊரைப் பார்க்க ஆயுளில் பாதி போயிற்று. அவன் காலையில் கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான்.

பொறாமைதான், ஒளிப்பானேன். ஆனாலும் அவனைப் பார்த்து இரக்கப்படவும் ஒரு காரணம் வைத்திருக்கிறேன். டீச்சரம்மா ஒரு பாகத்தைக் கொடுத்தால் அடுத்ததைச் சுலபத்தில் கொடுக்க மாட்டார். அதற்குள் தெருவில் இன்னும் யார் யாரோ வரிசையில் இருப்பார்கள். அந்த இடைவெளியில் அடுத்து என்ன நடக்கும் என்பதை நாங்களே நடத்திவைத்தோம். என் கணக்கில் ஆதித்த கரிகாலன் சாகவேயில்லை. மேஸ்திரி மகன் நந்தினியை வீரபாண்டியனோடு சேர்த்துவைத்து, இருவரையும் பெங்களூருக்கு ரயிலேற்றி அனுப்பினான். உருது வீட்டுக் குள்ளப் பையன் தன் தாத்தாவிடம் கேட்டதையும் கலந்து, பழுவேட்டரையர் கோட்டைக்குள் புஸ்ஸியின் பீரங்கியை நுழைத்தான். கல்கி எழுதியது ஒன்று, நாங்கள் காத்திருந்த நேரத்தில் எழுதியது மூன்று. என் பேரனுக்குக் கல்கி எழுதியது மட்டும்தான் கிடைத்தது, அதுவும் இடைவெளியே விடாமல்.

வந்தியத்தேவன் நம் பக்கத்து ஆள் என்பதில் மட்டும் அவனுக்கும் எனக்கும் சண்டையில்லை. வாணர் குலத்து வல்லம் என்பது காட்பாடியைத் தாண்டிப் பொன்னையாற்றங்கரைத் திருவல்லம். வேலூர் ஜில்லாக்காரனைக் கல்கி கதாநாயகனாக்கினார். ஆனால் அவன் வீரம் காட்டச் சோழநாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் பையன்கள் படித்துவிட்டு பெங்களூருக்குப் போவது ஒன்றும் புதுப் பழக்கமில்லை.

ஆகவே எழுதுகிற இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். டூப்ளே காலத்துப் புதுச்சேரியைப் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று எழுதி, பின்னதற்கு 1995-ல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. அந்தச் சீமை மனிதர்களை வைத்துப் பெரிய நாவல் செய்ய முடியும் என்று அவர் காட்டிவிட்டார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அச்சில் இருக்கிறது, ஓர்ம் இருக்கிறார். ஆம்பூரில் மலையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. 1749 ஆகஸ்ட் 3-ஐ யாராவது எழுதுங்கள். நவாபின் யானையை ஓட்டியவனிலிருந்து தொடங்கினாலும் சரி. எழுதினால் தொடராக எழுதுங்கள், வாரத்துக்கு ஓர் அத்தியாயம் போதும், ஆபத்தான இடத்தில் நிறுத்துங்கள். தயவுசெய்து எல்லா அத்தியாயத்தையும் ஒரே நாளில் வெளியிட்டுவிடாதீர்கள்.